முதல் சுற்று அவருடையது

இங்கே அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அச்சாவதற்கு முன்னால் தானே ஒரு தடவை படித்துப் பார்த்தாக வேண்டும் என்று வந்து நிற்பார். படித்துவிட்டு, "டீச்சர், பாதிக்கு மேல தலவலி வருது, மத்தவங்களுக்குக் குடுக்காதீங்க" என்றும் சொல்லிவிடுவார். எனக்கு எதற்கு அந்த வம்பு?

வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாடசாலையில் நான் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் அந்தத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். தொழிற்சாலையை அங்கே யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்குள் உருளுகிற, சுழலுகிற, ஆடுகிற எதுவானாலும் அவர் கை பட்டிருக்கும். ராத்திரி வேலை முடிந்து வந்து கொஞ்சம் தூங்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல் தன் வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் ஊர் வண்டிகளைப் பழுது பார்ப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது ஊஞ்சலில். எங்கள் பாடசாலையில் அறுந்து கிடந்த ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி போட அதிபர் அவரை வரவழைத்திருந்தார். இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிப் போனால், ஊஞ்சலில் ஓர் ஆள் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார். ஐம்பது வயது இருக்கும், நல்ல கனம், காக்கிக் கால்சட்டை. முகத்தில் சிரிப்பே இல்லை, பரீட்சை எழுதுகிற முகம். பிள்ளைகள் கைதட்டிக் கத்தினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்னாங்க இது, வெளையாட்டா?" என்றேன்.

"வெளையாட்டு இல்லீங்க டீச்சர். நான் எம்பது கிலோ. நான் பத்து நிமிசம் ஆடி அறுவாட்டி, இந்தப் புள்ளைங்க பத்து வருசத்துக்கு ஆடலாம்."

பத்து நிமிடமும் ஆடினார். இடைவேளை முடிந்து மணி அடித்துவிட்டது. அன்றைக்கு ஒரு பிள்ளையும் ஆடவில்லை.

அவருடைய குணமே அதுதான். எதையும் மற்றவர் கையில் கொடுப்பதற்கு முன் தன் உடம்பில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். "மொதல்ல நான் ஒரு சுத்து போயிட்டு வாரேன்" என்பார். சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்றினாலும் அதே பேச்சு, ஏணிக்கு ஒரு படி அடித்தாலும் அதே பேச்சு. ஆற்றுக்குக் குறுக்கே புதிதாகப் பலகைப் பாலம் போட்டு, திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் மாலையும் கழுத்துமாக வந்து நின்றால், இவர் முதுகில் ஒரு மூட்டை கோதுமை மாவைத் தூக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்து, "சரிங்க ஐயா, இனி நீங்க தொறங்க" என்றாராம். ரிப்பன் கூட அறுந்து போயிருந்ததாம்.

மகளுக்குக் கம்பளையில் மாப்பிள்ளை பார்த்தபோது, அந்த வீட்டுத் தண்ணீர் மோட்டாரைச் சரி செய்கிறேன் என்று போய் இரண்டு நாள் தங்கிவிட்டார். மோட்டாரில் கோளாறு அரை மணி நேர வேலைதானாம். மீதி நேரம் முழுக்க அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, அந்த வீட்டுக் கட்டிலில் படுத்து, மாமியார் காலையில் எந்தக் குரலில் பேசுகிறாள் என்று கேட்டுவிட்டு வந்து, "புள்ளய குடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் சிரிக்கத்தான் நன்றாக இருந்தது. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரை கொடுத்தார்கள். இந்த மனிதர் முதல் மாத்திரையைத் தான் விழுங்கிவிட்டு வேலைக்குப் போய், அங்கே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அந்த அக்கா என்னிடம் சொல்லி மூக்கைச் சிந்தினார்.

"எல்லாருக்கும் முன்னால போய் நிக்கிறாரு டீச்சர். பெருமதான். இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு முன்னால யாரு நிப்பா? அத மட்டும் இந்த மனுசன் யோசிக்கல."

 

இனி என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் துரை பங்களா கராஜில் கோழி அடைந்து கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ ஒரு துரை ஓட்டியது. அதை நான் வாங்கியதும் ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "டீச்சர், முட்ட போடுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஏப்ரலில் பக்கத்துத் தோட்டத்து ரோட்டில் பழைய கார்களுக்கென்று மலையேற்றப் போட்டி நடக்கும். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பளபளவென்று கொண்டு வருவார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில், என்னைப் போல் வரிசை வீட்டில் பிறந்த ஒருத்தி அதில் ஓட்டியதே இல்லை. "வாற ஏப்ரல்ல நான் ஓட்டுவேன்" என்று ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து தூக்கம் போயிற்று.

எஞ்சினை அவர் ஒரு மாதத்தில் எழுப்பிவிட்டார். வளைவில்தான் வம்பு. நான் ஒரு பக்கம் திருப்பினால் கார் கொஞ்சம் யோசித்துவிட்டு வேறு பக்கம் போகும். காரணம் புஷ். சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கைகள் காரின் உடம்போடு சேரும் இடத்தில், இரும்பும் இரும்பும் அடித்துக்கொள்ளாமல் நடுவில் இருக்கும் சின்ன வளையம்தான் புஷ். பழைய ரப்பர் புஷ் எல்லாம் நுவரெலியாக் குளிரில் வெடித்து, தொட்டால் உதிர்ந்தது.

நான் இணையத்தில் ராப்பகலாகப் படித்து, ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன். ரப்பர் மெத்தென்று இருக்கும், சத்தம் வராது, ஆனால் குழையும். பொலியூரிதேன் அதைவிட இறுக்கம், கிரீஸ் இல்லாவிட்டால் கத்தும். நைலோன் அதையும்விட இறுக்கம், ரோட்டில் கிடக்கிற சின்னக் கல்லைக்கூட முதுகெலும்புக்குச் சொல்லும், ஆனால் ஸ்டியரிங் ஊசி போல் திரும்பும். "நைலோன்தான்" என்று அவரிடம் சொன்னேன். கடைசி வார்த்தை போல் சொன்னேன்.

"இருக்கலாம் டீச்சர். மொதல்ல நான்…"

"அண்ணே, ஒரு சுத்து போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

"ஒரு சுத்து இல்லீங்க. மூணு மாசம்."

அவரிடம் ஒரு பழைய வேன் இருந்தது. எங்கள் ஊர் முழுக்க அதற்கு நண்டு வேன் என்று பெயர். நாலு மூலைக்கும் நாலு விதமான புஷ்: ஒன்றில் ரப்பர், ஒன்றில் பொலி, ஒன்றில் பித்தளை, ஒன்றில் அன்றைக்கு எதைச் சோதிக்கிறாரோ அது. அதனால் வேன் நேராகப் போகாது, ஒரு பக்கமாக ஒதுங்கி ஒதுங்கித்தான் வரும். எனக்காகத் தடித்த நைலோன் கம்பி வாங்கி, ஸ்டோரிலுள்ள கடைசல் மெஷினில் கடைந்து, அந்த நாலாவது மூலையில் போட்டார். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை அகரப்பத்தனைக்கும் தலவாக்கலைக்கும் நண்டு வேன் அலைந்தது. வாரம் ஒரு தடவை ஜாக்கி போட்டுத் தூக்கி, அந்தச் சக்கரத்தின் கையை விரலால் அசைத்துப் பார்ப்பார். மூன்று மாதம் கழித்து, "நல்லா இருக்கு டீச்சர். வெண்ண மாதிரி அசையுது. போடலாம்" என்றார். அவர் போடலாம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. டிசம்பரில் என் காருக்கு நாலு பக்கமும் நைலோன் போட்டோம்.

போட்ட நாளிலிருந்து மழையும் பனியும். கார் என் குவாட்டர்ஸ் வாசலில் ஒரு தார்ப்பாயின் கீழ் மூன்று வாரம் அப்படியே நின்றது. ஜனவரியில் ஒரு காலை கொஞ்சம் வெளுத்தது. நான் தலைக்குத் துணி கட்டி, கையுறை மாட்டி, படத்தில் வருகிற பெண் மாதிரி வந்து நின்றால், சாவி அவர் கையில்.

"மொதல்ல நான்…"

"ஐயோ, போய்த் தொலைங்க!" என்றேன். அப்படியே சொன்னேன். அந்த வார்த்தை இன்னும் என் தொண்டையில் கிடக்கிறது.

அவர் போனார். ரோட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில் ரோடு ஈரம், நடுவில் ஒரு சின்ன மேடு. கார் அந்த மேட்டில் ஏறியதும் சக்கரம் திரும்ப இறங்கவில்லை. துள்ளியது, இன்னொரு தடவை துள்ளியது, அப்படியே ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தேவாலயத்துக் காக்கைகள் எழும்பின. ஓடினேன். நல்ல காலம், அந்த இடத்தில் சரிவு குறைவு, செடியும் கவாத்து வெட்டாத முரட்டுச் செடி, நாலாவது வரிசையில் காரைப் பிடித்து நிறுத்திவிட்டது. பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் அலறினார்கள். அவர் தலை நிறைய இலையோடு எழுந்து நின்றதும் ஒருத்தி சொன்னாள்:

"என்னாண்ணே, கொழுந்தெடுக்க ஆளு பத்தலன்னு கார்லயே வந்துட்டீங்களா?"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் நெற்றியில் ரத்தம். என்னைப் பார்த்து, "நல்ல வேள டீச்சர், நீங்க ஓட்டல" என்றார். நான் அங்கேயே, அத்தனை பெண்கள் முன்னாலும், அழுதுவிட்டேன்.

காரைக் கொட்டகைக்கு இழுத்து வந்து பிரித்தோம். நைலோன் ஒவ்வொன்றும் இரும்பைக் கவ்விப் பிடித்திருந்தது. சுத்தியலால் தட்டினால்தான் இரும்புக் கை அசைந்தது. நண்டு வேனைத் தூக்கிப் பார்த்தால், அதே கம்பி, அதே கடைசல், அதே அளவு, விரலால் தள்ளினால் ஆடுகிறது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்று அவர் சோறு தின்னவில்லை என்று அக்கா சொன்னார்.

நாலாம் நாள் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கீதம் பாடிக்கொண்டிருக்கிறோம், வேலை முடிந்த கையோடு கேட்டுக்கு வெளியே வந்து நிற்கிறார். நெற்றியில் பிளாஸ்டர். கையில் என் காரிலிருந்து கழற்றிய ஒரு புஷ். பாட்டு முடிந்ததும் கேட்டடிக்குப் போனேன்.

"டீச்சர், தப்பு எம்மேல" என்றார்.

"மெதுவா, அண்ணே. அதிபர் பாக்குறாரு."

"பாக்கட்டும். இந்தப் புஷ்ஷ மூணு ராத்திரி ஸ்டோர்ல, தேயில காயுற ட்ரையர் பக்கத்துல வச்சிருந்தேன். இப்ப பாருங்க, சும்மா கழண்டு வருது. நைலோன் தண்ணி குடிக்குது டீச்சர். பனியக் குடிச்சு ஊதிருது."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப உங்க வேன் ஏன் ஊதல?"

அவர் புஷ்ஷை உள்ளங்கையில் உருட்டினார். "எனக்கு ராத்திரி வேல. வேன கொண்டுபோய் தெனமும் ட்ரையர் செவுத்தோரம்தான் விடுவேன். அந்தச் செவுரு அடுப்பு மாதிரி சுடும். என் வேன் மூணு மாசமும் வெதுவெதுன்னு தூங்கியிருக்கு. ஒங்க காரு பனியில கெடந்திச்சு. எல்லாத்தையும் நானே பட்டுப் பாக்குறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பனிய மட்டும் படல."

தேயிலை காய வைக்கிற சூளைக்குப் பக்கத்தில் முப்பது வருடம் வேலை செய்த மனிதரைத் தவிர, வேறு யாருக்கு இந்தப் பிழை வரும்? எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கோபப்படுவது.

அன்று சாயந்தரமே நண்டு வேனைக் கொண்டுவந்து என் குவாட்டர்ஸ் வாசலில், என் கார் பனியில் கிடந்த அதே இடத்தில், தார்ப்பாய்கூட இல்லாமல் நிறுத்தினார். அதன் பிறகு தினமும் இரண்டு மைல் குளிரில் நடந்தே வேலைக்குப் போனார். அக்கா என்னைத் திட்டினார், அவரைத் திட்டினார், கடைசியில் ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தார். வேனில் இப்போது இரண்டு மூலையில் பொலி, இரண்டு மூலையில் புது ரப்பர். காலையில் பாடசாலைக்குப் போகுமுன் நானும் கீழே படுத்து அசைத்துப் பார்ப்பேன். சேலையில் கிரீஸ் பட்ட நாட்களுக்குக் கணக்கே இல்லை.

மார்ச் வந்தும் எனக்கு ஆசை விடவில்லை. "நாலு பக்கமும் பொலி போட்டுடலாம், அண்ணே. இறுக்கமா நிக்கும்."

"முன்னால போடுங்க. அங்க கை ஒரே பக்கம்தான் ஆடும், கிரீஸ் வச்சிட்டா பொலி தாங்கும். பின்னால வேணாம். பின்னால பட்ட பட்டயா அடுக்கின லீஃப் ஸ்பிரிங். அது ஆடவும் ஆடும், நெளியவும் நெளியும். நெளிய விடாட்டி டயர் ரோட்ட விட்டு எந்திரிச்சிரும். அங்க ரப்பர்தான்."

"ரப்பர் போட்டா பின்பக்கம் குழையும். எனக்கு நேரம் போயிரும்."

"ஒரு செக்கன் போகும்" என்றார். "போகட்டுமே. ஒரு செக்கன்தானே டீச்சர்."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுச் சரி என்றேன். முன்னால் பொலி, பின்னால் ரப்பர். முதல் சுற்று வழக்கம் போல் அவர்தான். அதே இரண்டாவது வளைவு, அதே மேடு. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் திரும்பி வந்துகொண்டிருந்தது.

போட்டி நாள். விடிகாலையில் தூறி நின்றிருந்தது, ரோடு கறுத்துப் பளபளத்தது. கார்களைச் சோதிக்கிறவர் என் காரைச் சுற்றி வந்து, குனிந்து, அசைத்து, ஓட்டலாம் என்று சீட்டு ஒட்டிவிட்டார். அப்போது எங்கள் பிட்டர் அண்ணன் அவரிடம் போய் ஏதோ சிங்களத்தில் கெஞ்சுவது கேட்டது. என்னவென்று பார்த்தால், டீச்சர் ஓட்டுமுன் நான் ஒரே ஒரு தடவை இந்த ரோட்டில் போய்விட்டு வருகிறேன் என்கிறார். அந்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் கொடுத்தவர் மட்டும்தான் ஓட்டலாம், முடியவே முடியாது என்று தோளில் தட்டி அனுப்பினார்.

திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேயிலைக்குள் விழுந்து எழுந்த அன்றுகூட அவர் முகம் அப்படி வெளுக்கவில்லை.

"டீச்சர், இந்த ரோட்டுல நான் போகல" என்றார்.

"தெரியும், அண்ணே."

"எப்புடி இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் சொல்ல முடியாது."

"அதுக்கென்ன. நான் போறேன்" என்றேன். 

கதவை விட்டுக் கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, என் முறை வருவதற்குள், ரோட்டோரமாக மேலே நடந்து போனார்.

கொடி விழுந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடத்தான், எனக்கோ ஒரு தவணை படிப்பித்த மாதிரி இருந்தது. முதல் இரண்டு வளைவும் முன்பக்கம் நான் சொன்னபடி கேட்டது. மூன்றாவது, கொண்டை ஊசி வளைவு. ஈரத்தில் பின்பக்கம் மெல்ல வெளியே போயிற்று. செத்தேன் என்று நினைத்தேன். போனது கொஞ்சம் குழைந்தது, நின்றது, தானாகவே திரும்பி வந்து ரோட்டைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் எனக்குப் பயமே இல்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மேலே ஏறினேன். எட்டுக் கார்களில் ஐந்தாவது இடம். எனக்கு முன்னால் வந்தவரைவிட ஒரு செக்கன்தான் பிந்தியிருந்தேன். அடிப்பாவி ரப்பரே என்று சொல்லிச் சிரித்தேன்.

மேலே என் பாடசாலைப் பிள்ளைகள் பதினைந்து பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவரைத்தான் காணவில்லை. கடைசிக் காரும் ஏறி முடிந்ததும், மூன்றாவது வளைவில் கொடி பிடித்து நின்ற பையன் மேலே ஓடி வந்து சொன்னான்: "மிஸ், ஒங்க அண்ணே அங்கதான் நிக்கிறாரு. நீங்க வாற நேரம் ரோட்டப் பாக்கவே இல்ல. மலையப் பாத்துத் திரும்பி, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு நின்னாரு."

ரோட்டைத் திறந்த பிறகு, மூச்சு வாங்க மெல்ல ஏறி வந்தார். கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை, எவ்வளவு நேரம் என்றும் கேட்கவில்லை. காரைச் சுற்றி வந்து, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அத்தனை மாதத்தில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

"எப்புடி இருந்திச்சு டீச்சர்?" என்று கேட்டார். "சொல்லுங்க. எனக்குத் தெரியாதே."

கீழே வந்து சேரும் வரை ஒவ்வொரு வளைவாக அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.